ஆறரை லட்சத்துக்குப் பழைய சூப்பர்ப் வாங்கலாமா?

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2014-ம் வருட ஸ்கோடா சூப்பர்ப், டீசல், ஆட்டோமேட்டிக், இரண்டாவது ஓனர், மீட்டரில் 1,18,000 கி.மீ., விலை ஆறரை லட்சம் சொல்கிறார்களாம். மாதம் ஒருமுறை அப்பா அம்மாவை உட்கார வைத்துச் சென்னை போய்வர வேண்டும். இதே காசுக்குப் புது வண்டி சின்னதாக வாங்கு என்கிறது வீடு. இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டியை விடாதே என்கிறார்கள் நண்பர்கள். என்னென்ன ரிப்பேர் வரும், மாதம் எவ்வளவு ஆகும் என்பது கேள்வி.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது மொத்தமே ஆறரை லட்சம் என்றால் வேண்டாம். எட்டு லட்சம் இருந்து, அதில் ஆறரைக்கு வண்டியை வாங்கி, மீதி ஒன்றரை லட்சத்தை அந்த வண்டியின் பெயரிலேயே வங்கியில் விட்டு வைக்க முடியுமென்றால் வாங்கலாம். ஏனென்றால் நீங்கள் வாங்கப்போவது ஆறரை லட்சம் ரூபாய் வண்டி இல்லை. அது ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய் வண்டி. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வண்டியின் விலை நாலில் ஒரு பங்காகிவிட்டது. அதன் கியர்பாக்ஸ், இன்ஜெக்டர், ஹெட்லைட் எதற்கும் விலை குறையவில்லை. வருடாவருடம் ஏறித்தான் இருக்கிறது. நான் கீழே சொல்லப்போவது முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

விலை இவ்வளவு சரிந்ததற்கு வண்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் காசு இருக்கிறவர்கள் எல்லாரும் உயரமான வண்டிக்கு மாறிவிட்டார்கள். நீளமான செடானைத் தேடி வருகிற ஆள் குறைவு, அதனால் விற்கிறவர் இறங்கி வருகிறார். உங்கள் அப்பா அம்மாவுக்கு இது லாபம்தான். 4.8 மீட்டர் நீளம், பின்சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்காரலாம், டிக்கி 565 லிட்டர். முட்டி வலி இருக்கிற பெரியவர்களுக்கு இதைவிட வசதியான பின்சீட்டு இந்த விலையில் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி வண்டிக்குள் போவோம். இரண்டாம் தலைமுறை சூப்பர்ப் இந்தியாவில் 2009-ல் வந்தது. 2014-ல் முகத்தை மாற்றினார்கள், 2016-ல் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. நீங்கள் பார்ப்பதில் முக்கியமாக இரண்டு எஞ்சின்: 1.8 லிட்டர் டி.எஸ்.ஐ. பெட்ரோல், 2.0 லிட்டர் டி.டி.ஐ. டீசல். இரண்டிலும் ஆட்டோமேட்டிக்கின் பெயர் டி.எஸ்.ஜி.தான், இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் ஏற்பாடு. ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு கியர்பாக்ஸ். பழைய வண்டி வாங்குகிற பாதிப் பேருக்கு இது தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது. "டி.எஸ்.ஜி.யா, ஐயோ" என்று ஓடுகிறவர்களும் "டி.எஸ்.ஜி. சூப்பர் சார்" என்று விற்கிறவர்களும் எந்த டி.எஸ்.ஜி. என்று கேட்பதே இல்லை.

பெட்ரோலில் வருவது ஏழு கியர் உள்ள டி.க்யூ.200. இதில் கிளட்ச் இரண்டும் உலர்ந்த கிளட்ச், அதாவது எண்ணெயில் நனையாதவை. லேசாக இருக்கும், எரிபொருள் மிச்சமாகும். ஆனால் காளவாசல் சிக்னலில் பத்துப் பத்து அடியாக ஊர்ந்தால் கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும், சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெயும் கிடையாது. அதைவிடப் பெரிய தலைவலி மெக்கட்ரானிக்ஸ். கியர் மாற்றுவதற்கான கம்ப்யூட்டரும், வால்வுகளும், எண்ணெய் அழுத்தம் தருகிற பம்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதில் எது போனாலும் கியர் விழாது, மீட்டரில் கியர் எண் மினுக்கும், வண்டி அப்படியே நிற்கும். ஒற்றைப்படை கியர்கள் மட்டும் வேலை செய்து, இரட்டைப்படை கியர்கள் காணாமல் போவதும் உண்டு. முழுப் பெட்டியையும் புதிதாகப் போட்டால் செலவு ஒரு லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும்.

இது நம் ஊர் ஓட்டுநர்களின் குற்றம் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை. 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை டி.எஸ்.ஜி. கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது ஸ்கோடாவின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வாகன். அதே வருடம் நவம்பரில் உலகம் முழுக்க இன்னொரு அழைப்பு. வெயிலும் ஈரப்பதமும் அதிகமான இடங்களில், நின்று நின்று போகிற ஓட்டத்தில், கியர்பாக்ஸில் இருந்த செயற்கை எண்ணெயால் மின்சாரக் கோளாறு வரலாம் என்று சொல்லி, அதை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். வெயில், ஈரம், நின்று நின்று ஓடுவது. மூன்றும் சேர்ந்தால் அது சென்னைதான். ஆகவே யாராவது உங்களுக்கு 2013-க்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைக் காட்டினால், அந்த எண்ணெய் மாற்றின ரசீது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நீங்கள் பார்த்திருப்பது டீசல். அதில் இருப்பது ஆறு கியர் உள்ள டி.க்யூ.250, கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி ஓடும். இது எவ்வளவோ தாங்கும். ஆனால் தாங்குவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: 60,000 கி.மீ.க்கு ஒருமுறை அந்த எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் மாதிரி இல்லை, இது யார் கண்ணிலும் படாத எண்ணெய். புதிதாக வாங்கிய முதல் ஓனர் ஒழுங்காக மாற்றியிருப்பார். இரண்டாவது ஓனர் "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று விட்டிருப்பார். உங்கள் வண்டி 1,18,000-ல் நிற்கிறது. 60,000-ல் ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும், இரண்டாவது முறை இப்போது வர வேண்டும். வெளியில் பதினைந்து இருபதாயிரம் ஆகும் வேலை. ரசீது இல்லையென்றால் அந்தப் பணத்தை விலையில் குறைத்துக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கியர்பாக்ஸின் மீதான உங்கள் நம்பிக்கையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் பெரிய வண்டி, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், நாலு லட்சத்துக்கு வாங்கினேன். முதல் எட்டு மாதத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் செலவு. அதில் பாதி என் சோம்பலுக்குக் கட்டிய அபராதம். இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்கும்போது ஒரு சின்னத் தட்டு தட்டும். பழக்கமாகிவிடும் என்று நினைத்தேன். எனக்குப் பழகிவிட்டது, கியர்பாக்ஸுக்குப் பழகவில்லை.

டீசல் கியர்பாக்ஸோடு சேர்ந்து பார்க்க வேண்டியது ஃப்ளைவீல். இரட்டைத் தட்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்து, எஞ்சினின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் சாமான் அது. தேய்ந்துபோனால் வண்டி சும்மா நிற்கும்போது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும், எஞ்சினை அணைக்கும்போது ஒரு உதறல் இருக்கும். ஏ.சி. போட்டு ஒருமுறை, ஏ.சி. இல்லாமல் ஒருமுறை பானெட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள். புரோக்கர் பேசிக்கொண்டே இருப்பார். அவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை இந்த 2.0 டீசல் பலமானது. முறையாகப் பார்த்தால் இரண்டரை, மூன்று லட்சம் கி.மீ. ஓடுவது அதிசயமில்லை. ஆனால் இதில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்க டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். ஓடுகிறபோது அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். பெல்ட் கிலோமீட்டருக்கு மட்டும் கெடுவதில்லை, வயதுக்கும் கெடும். பத்து வயது தாண்டின வண்டியில் பெல்ட் மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால், "பார்க்க நல்லா இருக்கு" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காமல் மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்பையும் சுற்றுவது அதே பெல்ட்தான், அதனால் இரண்டையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் ஒரே வேலையாக முடிக்க வேண்டும். பம்பை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் போட்டு ஐந்தாயிரம் மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் பம்ப் ஒழுகி, மறுபடி முழுக் கூலி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மற்றபடி இந்த வயதில் வருகிறவை: புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைப்பது, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் இருக்கிற ஃப்ளாப் மோட்டார் போவது (கம்ப்யூட்டரில் ஸ்கேன் போட்டால் பி2015 என்ற பிழை எண்ணைக் காட்டும், இந்த எஞ்சினை வைத்திருக்கிற ஊரிலெல்லாம் பிரபலமான எண்), டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் இறுகிப்போய் ஏற்றத்தில் திடீரென்று பிக்கப் காணாமல் போவது. சிட்டிக்குள்ளேயே ஓடின டீசலில் இவை சீக்கிரம் வரும். உங்களைப்போல் மதுரை-சென்னை நாலு வழிச்சாலையில் நீண்ட ஓட்டம் ஓடினால் கரி எரிந்து வெளியேறும். டீசல் பெரிய வண்டிக்கு உங்கள் உபயோகம் பொருத்தம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. இந்த டீசல் எஞ்சின் ஈ.ஏ.189 வகை. 2015-ல் உலகத்தையே கலக்கிய புகைப்பரிசோதனை மோசடியில் மாட்டிய அதே எஞ்சின். அந்த டிசம்பரில் இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள், அதில் ஸ்கோடா மட்டும் 88,700. மென்பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். சேஸிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு அது ஆனதா என்று சொல்லிவிடுவார்கள். அதே போக்கில் பழைய சர்வீஸ் வரலாற்றையும் கேட்டுப் பாருங்கள், அதுதான் நமக்கு முக்கியம்.

பெட்ரோல் 1.8 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டீசல் கிடைக்காவிட்டால் கண் அந்தப் பக்கம் போகும் என்பதால் சொல்கிறேன். ஓட்ட அருமையான எஞ்சின். அதன் பலவீனம் மூன்று. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று நொடி செயின் கடகடவென்று அடித்தால் அதைத் தொடாதீர்கள். அடுத்து, எஞ்சின் ஆயில் குடிப்பது: பிஸ்டன் ரிங்கின் வடிவமைப்பால் சில வண்டிகள் ஆயிரம், இரண்டாயிரம் கி.மீ.க்கு ஒரு லிட்டர் கேட்கும். மூன்றாவது, பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கிற வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒழுகுவது. போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென்று தயாரிக்கப்படாத வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் குறையலாம், பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று அரசாங்கமே 2025-ல் ஒப்புக்கொண்டது. பெட்ரோல்தான் வேண்டுமென்றால் மேனுவல் கியரில் தேடுங்கள். அபூர்வமாகக் கிடைக்கும், கிடைத்தால் தலைவலி பாதி குறையும்.

கியர்பாக்ஸும் எஞ்சினும் பயமுறுத்தும், ஆனால் மாதாமாதம் பையைக் கரைப்பது சஸ்பென்ஷன்தான். ஐரோப்பியச் சாலைக்குச் செய்த வண்டி, நம் ஊர் வேகத்தடைக்கு இல்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் 2.76 மீட்டர், நாலு பேர் உட்கார்ந்து, கிராமத்து வேகத்தடையில் நேராக ஏறினால் வயிறு உரசும். சரித்து ஏற்றப் பழக வேண்டும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சம்ப் அடி வாங்கி விரிசல் விட்டால் எண்ணெய் வடிந்து, விளக்கு எரிவதைக் கவனிக்காமல் பத்து நிமிடம் ஓட்டினால் எஞ்சின் போச்சு. லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும்போது சம்பில் வெல்டிங் அடித்த தடம், ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்டிங் மூன்றும் எழுபது எண்பதாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்றும் சாமான்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஒரு பள்ளத்தில் இறக்கும்போது "டொக்" என்றால் அதில் ஒன்று. ஆபத்தில்லை, பேரத்துக்கு உதவும். டயர் 225/45 ஆர்17. பக்கச்சுவர் மெல்லிசு, ஓரம் உடைந்த குழியில் வேகமாக விழுந்தால் டயர் வீங்கும், அலாய் வளையும்.

ஏ.சி.யை மாலையில் சோதிக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்தி, எஞ்சின் சும்மா ஓடும்போது பத்து நிமிடம் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் அனல் அடித்தால் கம்ப்ரஸரோ ஃபேனோ சந்தேகம்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தைப் பற்றிக் கேட்காமல் விடக்கூடாது. 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர்ச் சந்தைக்குப் போயின. உங்கள் வண்டி 2014, அதாவது இரண்டு வெள்ளத்தையும் பார்த்த வயது. இந்த மாதிரி வண்டியில் தரைக் கார்பெட்டுக்கு அடியிலேயே வயர் இணைப்புகள் நிறைய ஓடும். தண்ணீர் புகுந்தால் அன்றைக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துக் கதவு பூட்டாது, ஜன்னல் இறங்காது, பேட்டரி ராத்திரியில் இறங்கிவிடும், காரணம் யாருக்கும் பிடிபடாது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னிக் குழி, சீட்டுக்கு அடியில் இருக்கிற இரும்புக் கம்பிகளின் துரு, கார்பெட் ஓரத்தைத் தூக்கி வாசனை. சென்ட் அடித்த வண்டி என்றால் இன்னும் கவனமாக.

இனிமேல் பணம். என் அனுபவத்திலிருந்து ஒரு உத்தேசக் கணக்கு தருகிறேன். வருடத்துக்கு 12,000 கி.மீ., பெரும்பாலும் ஹைவே, லிட்டருக்கு 15 கொடுக்கிறது, டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் எரிபொருளுக்கு 74,400. இன்சூரன்ஸ்: 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்குத் தேர்ட் பார்ட்டி மட்டுமே 7,897, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9,300-ஐத் தாண்டுகிறது. சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து 22,000 என்று வைப்போம். வருட சர்வீஸ், வெளியில் நல்ல இடத்தில், சரியான தர எண்ணெயோடு 22,000. டயர் செட் 45,000, நாற்பதாயிரம் கி.மீ. ஓடும், அப்போது வருடப் பங்கு 13,500. ரிப்பேருக்கென்று உண்டியலில் போட வேண்டியது 60,000. கூட்டினால் 1,91,900, மாதம் பதினாறாயிரம். இதில் சுங்கச்சாவடி சேரவில்லை, அது எந்தக் காருக்கும் ஒன்றுதான்.

அந்த 60,000-தான் எல்லாரும் சண்டைக்கு வருகிற இடம். "என் வண்டிக்குப் போன வருடம் ஒரு பைசா செலவாகவில்லை" என்பார்கள். உண்மையாக இருக்கும். இந்த வண்டிகளின் ரிப்பேர் மாதம் ஐயாயிரமாக வருவதில்லை. ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொண்ணூறாயிரமாக வரும். மாதம் ஐயாயிரம் எடுத்து வைத்தவனுக்கு அது ஒரு வேலை, வைக்காதவனுக்கு அது கடன். பழைய பெரிய வண்டிகள் பாதி ரிப்பேரோடு கைமாறுவதற்கு இதுதான் காரணம். அப்படி நடுவில் கைவிடப்பட்ட வண்டி உங்களிடம் வந்துவிடக் கூடாது. விற்பவரிடம் "ஏன் விற்கிறீர்கள்" என்பதைவிட "கடைசியாக என்ன பெரிய வேலை பார்த்தீர்கள், பில் இருக்கிறதா" என்று கேளுங்கள். போன மாதம் நாற்பதாயிரத்துக்கு வேலை பார்த்த பில்லைக் காட்டுகிறவரிடம் நான் அதிக விலை கொடுத்தாவது வாங்குவேன்.

இதற்கு மேல் முதல் வருடத்தில் ஒரே ஒருமுறை வருகிற செலவு இருக்கிறது. டைமிங் பெல்ட் செட், கியர்பாக்ஸ் எண்ணெய், எல்லா ஃபில்டர், பிரேக் எண்ணெய், பேட்டரி, புஷ் வேலை, தேவைப்பட்டால் டயர். ஒரு லட்சம், ஒன்று இருபது. ஆரம்பத்தில் வங்கியில் விடச் சொன்ன ஒன்றரை லட்சம் இதற்காகத்தான்.

இன்சூரன்ஸில் இன்னொரு நுணுக்கம். இந்த வயது வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசியைப் பல கம்பெனிகள் தராது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான். பத்து வயது தாண்டினால் தகர பாகங்களுக்கும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. அதாவது பம்பரும் ஹெட்லைட்டும் போகிற மாதிரி முன்னால் ஒரு இடி வாங்கினால், பாலிசி இருந்தும் ஏறக்குறைய பாதி உங்கள் கைக்காசு. இந்த வண்டியின் செனான் ஹெட்லைட் விலையை வாங்குமுன் ஒருமுறை விசாரித்து வையுங்கள், ஓட்டும்போது முன்னால் போகிற வண்டியோடு இடைவெளி தானாகக் கூடிவிடும்.

எங்கே சர்வீஸ் விடுவது என்பது வண்டி வாங்குமுன் தீர்க்க வேண்டிய விஷயம். கம்பெனி சென்டரில் பாகத்தைப் பழுது பார்ப்பதில்லை, மாற்றுவதுதான் வழக்கம். மெக்கட்ரானிக்ஸில் ஒரு சின்ன உதிரி போனாலும் முழுப் பெட்டிக்குக் கொட்டேஷன் வரும். சென்னை, கோவையில் இந்த வகை ஜெர்மன் வண்டிகளை மட்டுமே பார்க்கிற தனி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்து உதிரியை மட்டும் மாற்றித் தருவார்கள், செலவு பாதிக்கும் கீழே வரும். ஸ்பேருக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய பாகத்துக்குப் புதுப்பேட்டை. கண்ணாடி, கதவு, சீட் என்றால் புதுப்பேட்டையில் தைரியமாக வாங்கலாம். கழற்றிய கியர்பாக்ஸ், கழற்றிய டர்போ வாங்காதீர்கள். மதுரையில் உங்களுக்கு நம்பிக்கையான ஆள், சரியான ஸ்கேனரோடு, ஒருவராவது இருக்கிறாரா என்று இந்த வாரமே தேடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பெரிய வேலைக்கும் கோவைக்கு டோ செய்ய வேண்டிவரும், அதையும் கணக்கில் எழுதுங்கள்.

பேரம் பேசுகிற நாளுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு நீங்களே சாவியைத் திருப்புங்கள். பத்து நிமிடம் ஓட்டிக் கொடுத்தால் போதாது, நாற்பது நிமிடமாவது வேண்டும். கியர்பாக்ஸின் குணம் சூடான பிறகுதான் தெரியும். அழகர்கோயில் பக்கம் ஒரு சுற்று, பிறகு டவுன் நெரிசலில் ஒரு சுற்று. ஸ்கேன் போடும்போது எஞ்சின், கியர்பாக்ஸ், ஏர்பேக் எல்லாவற்றையும் படிக்கச் சொல்லுங்கள். மீட்டரைத் திருப்பிக் குறைத்திருந்தால் சில நேரம் மற்ற கம்ப்யூட்டர்களில் பழைய கிலோமீட்டர் மாட்டிக்கொள்ளும். எந்தப் பிழையும் இல்லாமல் முற்றிலும் சுத்தமாக வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அழித்திருப்பார்கள். ஓட்டிவிட்டு வந்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

வேறு மாநில எண் உள்ள வண்டி இன்னும் ஒரு லட்சம் குறைவாகக் கிடைக்கும், முக்கியமாக டெல்லி வண்டி. அங்கே பத்து வருடம் ஆன டீசலுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட தடையால் நல்ல வண்டிகளே மலிவாக வெளியேறின. ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். வரி உங்கள் ஆறரை லட்சத்துக்கு இல்லை, வண்டி புதிதாக இருந்த விலையை அடிப்படையாக வைத்து, வயதுக்கு ஏற்பக் குறைத்துப் போடுவார்கள். மிச்சம் பிடித்த லட்சத்தில் பெரும்பகுதி அங்கே போய்விடும். அலைச்சல் வேறு.

இதெல்லாம் படித்துப் பயமாக இருந்தால், ஒரே யோசனை டொயோட்டா கேம்ரி. இதே காலத்து 2.5 பெட்ரோல். டைமிங் செயின், சாதாரண ஆறு கியர் ஆட்டோமேட்டிக், பெரிய நாடகம் ஒன்றுமில்லை. ஓட்டுகிறவருக்குக் கொட்டாவி வரும், பின்சீட்டுக்காரருக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். ஆனால் ஆறரை லட்சத்துக்கு இவ்வளவு புதிய கேம்ரி கிடைப்பது சிரமம், மைலேஜும் டீசலுக்குப் பக்கத்தில் வராது. 2013-க்குப் பிறகு வந்த ஹைப்ரிட் கேம்ரியில் மைலேஜ் உண்டு. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சோதிக்காமல் அதை வாங்கக்கூடாது. அந்த பேட்டரிக்குக் காற்று போகிற துளை பின்சீட்டு ஓரத்தில் இருக்கிறது, அதன்மேல் துணிப்பை வைத்து வைத்தே பேட்டரியைக் கெடுத்தவர்கள் உண்டு.

கடைசியாகக் காகிதம். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், அது நீக்கப்பட்டு ஃபார்ம் 35 கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. இதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதனால் இன்சூரன்ஸ் கொட்டேஷனை உங்கள் பெயரில் முன்பே வாங்கிப் பாருங்கள். 2014 வண்டி என்பதால் 2029-ல் பதினைந்து வயது முடியும். அப்போது பதிவைப் புதுப்பிக்க 5,000 கட்டணம், தகுதிச் சோதனை, பசுமை வரி எல்லாம் வரும். ஆகவே நாலைந்து வருடம் வைத்திருந்து விற்கலாம் என்று நினைத்தால், விற்கும்போது கிடைப்பதை இரண்டு லட்சம் என்று இப்போதே எழுதிவிடுங்கள், அதற்கு மேல் வந்தால் லாபம்.

சொல்கிற விலை ஆறரை. பெல்ட்டுக்கும் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கும் பில் இரண்டும் இருந்தால் ஆறு வரை போகலாம். இரண்டும் இல்லையென்றால் ஐந்தரைக்கு மேல் நான் கொடுக்கமாட்டேன். பில் கிடைத்தால் பெல்ட் எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார்கள், வாட்டர் பம்ப் சேர்ந்ததா என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.